ஆளில்லாத வீடு என்று எழுதினேன்

கண்டியில் ஒரு குறுக்குத் தெருவில், பழைய கழிவுநீர்க் குழாயை நிலத்தைத் தோண்டாமலே சரிசெய்தோம். ரெசினில் ஊறிய துணிக்குழாயை உள்ளே விட்டுச் சுடுநீரால் சூடாக்கினால், அது இறுகிப் புதுக் குழாயாகிவிடும். வீடுகளின் கழிவுநீர் வந்து சேரும் துளைகளும் அதோடு மூடிப்போகும். அவற்றை மறுபடி வெட்டித் திறப்பது என் பொறுப்பு.

முன்கூட்டியே கமரா அனுப்பிப் பார்த்தபோது ஒரு துளை காய்ந்து கிடந்தது. கதவைத் தட்டிக் கேட்க இருபது படி ஏற வேண்டும், மழை வேறு. ‘ஆளில்லாத வீடு’ என்று எழுதிவிட்டேன். துளையைத் திறக்கவில்லை.

நான்கு நாளில் அங்கிருந்து அழைப்பு வந்தது. அன்றும் மழை. படியேறினால் வாசலில் வெள்ளைக்கொடி. சாவுக்கு வந்தவர்கள் புழங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் கழிவோடு முன்னறை வரை பரவியிருந்தது. சவப்பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிவந்து கதிரைகள்மேல் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் அதற்குக் குடை பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தார்.

துளை காய்ந்திருந்ததால் ஆளில்லை என்று மூடியபடி விட்டுவிட்டேன், என் பிழைதான் என்றேன். அவர் ஏசவில்லை.

“நீங்க பாக்கையில காஞ்சுதான் இருந்திருக்கும் தம்பி. பத்து நாளா எம் பொஞ்சாதியோட ஆஸ்பத்திரியிலதான் கெடந்தோம். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா.”

துளையை வெட்டித் திறக்க ஒரு மணி நேரமானது. அதுவரை அவர் குடையை யாரிடமும் கொடுக்கவில்லை.

இப்போது எந்தத் தெருவிலும் எல்லாக் கதவையும் தட்டுகிறேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. நான் ‘ஆளில்லாத வீடு’ என்று எழுதிய அன்று, அந்த அம்மா வீட்டுக்குப் போகணும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.