பெரிய மாப்பிள்ளை இழுத்த வயர்

பொறாமை என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொள்வார். என் தங்கைக்குக் கல்யாணம் ஆகும்வரை அது உண்மையாகவும் இருந்தது.

வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை அவரை அனுப்பும். ஸ்பீக்கர்களைச் சுவரில் ஏற்றுவார். டிவி, பிளேயர், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் வயரால் கோப்பார். படமும் சத்தமும் ஒழுங்காகச் சேர்ந்து வந்த பிறகு ரிமோட்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். வெயிலில் கறுத்த கழுத்தும் சட்டைப்பையில் டெஸ்டருமாகப் போகிற ஆளை வெளியே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் என் அப்பா வீட்டில் டிவிக்குப் பின்பக்கம் மட்டும் அவருடைய ராஜ்யம்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது அது. அப்பா புதிதாக டிவிடி பிளேயர் வாங்கி, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று வயரையும் மாற்றி மாற்றிச் செருகி வைத்திருந்தார். படத்துக்கு உள்ள மஞ்சள், சத்தத்துக்கான ஓட்டையில் இருந்தது. டிவி உறுமியதே தவிர படம் வரவில்லை. அதுவரை வாயே திறக்காமல் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த புது மாப்பிள்ளை எழுந்து போனார். கையை மட்டும் பின்னால் விட்டு, பார்க்காமலே மாற்றிச் செருகினார். படம் வந்தது.

"மாப்ள கை பட்டதும் வந்துடுச்சு பாரு!" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

அடுத்து பச்சை, நீலம், சிவப்பு என்று வேறு மூன்று வயர் வந்தது. அதையும் இவரே மாட்டினார். அப்புறம் இரண்டு பக்கமும் திருகாணி வைத்த டி.வி.ஐ. வயர். அதில் படம் மட்டும்தான் போகும், சத்தத்துக்குத் தனி வயர் வேண்டும். அது தெரியாமல் அப்பா மாட்டிவிட்டு, ஒரு வாரம் எல்லாவற்றையும் ஊமைப் படமாகவே பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் வந்து சரிபண்ணித் தருகிறேன் என்றாராம். "எங்க மாப்ள வருவாரு" என்று அப்பா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தக் கதையை என் வீட்டுக்காரர் சொல்லாத ஆளே கிடையாது. மாமனார் வீட்டில் அவர் வேறொன்றும் கேட்டதில்லை. இந்த ஒரு மரியாதையிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

எச்.டி.எம்.ஐ. வந்து, படமும் சத்தமும் ஒரே வயரில் போக ஆரம்பித்தபோது, "இனிமே யாரு வேணா சொருகிடலாம்" என்று கொஞ்சம் சோர்வாகச் சொன்னார். அவர் பயந்த மாதிரியே ஒருவர் வந்து சேர்ந்தார், என் தங்கைக்குப் புருஷனாக.

சின்ன மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. நல்ல உயரம், நல்ல பேச்சு, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற குணம். திட்டலாம் என்றால் ஒரு குறை அகப்பட வேண்டாமா? வந்த கொஞ்ச நாளிலேயே டிவிக்குப் பின்னால் புகுந்து, ஒவ்வொரு வயரிலும் சின்னச் சீட்டு ஒட்டி, எது எதற்கு என்று எழுதி வைத்துவிட்டார். அப்பா வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு டிவியைத் திருப்பிக் காட்டினார். என் வீட்டுக்காரருக்குக் காதில் புகை வந்தது.

"வயருக்குப் பேர் வெக்கிறானாம் பேரு! எனக்கு இருட்டுலயே தெரியும் எது எதுன்னு."

"அப்பாவுக்குத் தெரிய வேண்டாமா?"

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அதற்கப்புறம் எல்லாவற்றையும் அளவெடுக்க ஆரம்பித்தார். அப்பா யாரைப் பார்த்து முதலில் 'வாங்க' என்றார், மின்விசிறி யார் பக்கம் திரும்பியிருந்தது, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"உங்கம்மா அவனுக்கு மீன்ல நடுத்துண்டு வெச்சாங்க. எனக்கு வாலு."

"போன தடவை நடுத்துண்டு உங்களுக்குத்தான வெச்சாங்க?"

"போன தடவை அவன் வரலையே!"

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. என் தங்கை தன் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அவரும் "என்னம்மா" என்று ஓடி வருகிறார். நான் "என்னங்க, என்னங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளேயிருந்து ஒரு உறுமல்தான் வரும். எனக்கும் எரியத்தான் செய்தது. ஆனால் அந்த எரிச்சலை நான் யார் வீட்டுச் சுவருக்குள்ளும் கொண்டுபோய்ப் பூசி வைக்கவில்லை.

அப்பாவுக்கு மாடி அறையில் ப்ரொஜெக்டர் வைத்து, சுவர் அளவுக்குப் படம் பார்க்க ஆசை. ஒரு நாள் போன் செய்தார். "சின்ன மாப்ள சாமானெல்லாம் வாங்கிட்டாரு. மாட்டறப்ப நீங்களும் வந்தீங்கன்னா நல்லாருக்கும்."

போனை வைத்துவிட்டு இவர் நேராக என்னிடம் வந்தார். "நீங்களும் வாங்கங்கறாரு. நீங்களுமாம்!"

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றார். ப்ரொஜெக்டர் இன்னும் வந்து சேரவில்லை. வயர் இழுக்கிற வேலை முடிந்தால் சுவரைப் பூசிவிட்டுப் போகலாம் என்று பூச்சுக்காரர் காத்திருந்தார். ஆம்ப்ளிஃபையர் முன்பக்கத்து அலமாரியில் இருக்கும். ப்ரொஜெக்டர் பின்பக்கத்தில் கூரையோடு தொங்கும். நடுவில் சுவருக்குள் பதித்த பைப். அவ்வளவு நீளத்துக்குச் செம்பு வயர் போட்டால் படம் விட்டு விட்டு வரும் என்று சின்ன மாப்பிள்ளை கண்ணாடி இழையில் செய்த எச்.டி.எம்.ஐ. வயர் வாங்கியிருந்தார். அது நூல் மாதிரி மெல்லிசாக இருந்தது.

"அண்ணா, இந்த வயர் எப்படின்னா..." என்று ஆரம்பித்தார் அவர்.

"எனக்கே சொல்லித் தரியா தம்பி?"

"ஐயோ, இல்லண்ணா. ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கவா?"

"நீ கீழ போய் மாமாகிட்ட பேசிட்டிரு. அது உனக்கு நல்லா வருது."

அந்த மனுஷன் முகம் வாடி இறங்கிப் போனார்.

என் வீட்டுக்காரர் எந்த வயரையும் முதலில் தரையில் விரித்து, இரண்டு பக்கமும் மாட்டி, படம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பைப்புக்குள் விடுவார். வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அதை மாற்ற மாட்டார். ப்ரொஜெக்டர் இல்லாவிட்டால் என்ன, கீழேயிருந்து டிவியைத் தூக்கி வந்து பார்த்திருக்கலாம். ஆனால் கீழே அப்பாவும் சின்ன மாப்பிள்ளையும் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் மேலே இவர் கை வேகமெடுத்தது. நான் காபி கொண்டுபோனபோது வயர் பைப்புக்குள் போய்விட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் பைப்பின் இரண்டு வாயையும் பூசி மூடி, மேலே பெயிண்டும் அடித்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாடியில் கூடினோம். ப்ரொஜெக்டரை இவரே கூரையில் ஏற்றினார். அம்மா ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அப்பா முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். சுவரில் ஒரு பெரிய நீல வெளிச்சம் வந்து விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

இவர் பிளேயரை அணைத்துப் போட்டார். செருகியதைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். ஆம்ப்ளிஃபையரை விட்டுவிட்டு வயரை நேராகப் பிளேயரிலேயே மாட்டினார். அதே நீலம்தான். சின்ன மாப்பிள்ளை மெதுவாக நாற்காலியில் ஏறி, ப்ரொஜெக்டர் பக்கத்து முனையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அதைக் கண்டதும் இவர் தன் கையில் இருந்த முனையைத் திருப்பினார். அதில் பொடி எழுத்தில் 'டிஸ்ப்ளே' என்று இருந்தது. திரைப் பக்கம் போக வேண்டிய முனை அது.

செம்பு வயரில் முன்னும் கிடையாது பின்னும் கிடையாது, எப்படி இழுத்தாலும் படம் வரும். இந்தக் கண்ணாடி இழை வயருக்குப் பிளேயர் பக்கம் ஒரு முனை, திரைப் பக்கம் ஒரு முனை என்று உண்டு. மாற்றி மாட்டினால் செத்த வயர். இத்தனை வருஷத்தில் ஒரு வயரின் முனையைப் படித்துப் பார்க்கிற அவசியமே இவருக்கு வந்ததில்லை. இவர் முகம் சுண்டிப்போனது.

சின்ன மாப்பிள்ளை கீழே இறங்கினார். "மாமா, வயர்தான் சரியில்ல. மலிவா கிடைக்குதேன்னு வாங்கிட்டேன். என் தப்புதான்."

"அதுக்குத்தான் பெரிய மாப்ளய ஒரு வார்த்த கேட்டிருக்கணும். அவருக்குத் தெரியாத வயரா?" என்று சொல்லி அப்பா எழுந்து வந்து இவர் தோளில் கை போட்டார். அம்மா ஒரு நாற்காலியை இழுத்து இவர் பக்கம் போட்டாள். தங்கை தன் புருஷனை முறைத்தாள்.

இத்தனை நாள் இவர் ஏங்கியதெல்லாம் ஒரே நிமிஷத்தில் மடியில் வந்து விழுந்துவிட்டது. பேசாமல் தலையை ஆட்டியிருந்தால் போதும், அந்த வீட்டில் வயர் என்றால் மறுபடியும் அவர்தான். பேசாமல் இருங்கள் என்று நானும் கண்ணைக் காட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தங்கை புருஷன் தலைகுனிந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் இவர் முகம் சிவந்துகொண்டே போனது.

"யாரக் கேட்டு அப்படிச் சொன்ன?"

"அண்ணா, விடுங்கண்ணா..."

"என்னத்த விடறது? தலமாடு கால்மாடா இழுத்தது நான். மாட்டிப் பாக்காம பூசி மூடினது நான். இந்த வீட்டுல எனக்குன்னு இருந்ததெல்லாம் நீ எடுத்துக்கிட்ட. என் தப்பையாவது எனக்கு விட்டு வெய்யி!"

 அப்பா இவர் தோளிலிருந்த கையை எடுத்துவிட்டார்.

"அப்ப வயர் நல்லாத்தான் இருக்கா?" என்றார்.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்ல வயரு மாமா. அருமையான வயரு. பாத்துத்தான் வாங்கியிருக்கான்."

சின்ன மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா பூச்சையும் புதுப் பெயிண்டையும் ஒரு தடவை தடவிப் பார்த்தார். அப்புறம் யார் முகத்தையும் பார்க்காமல், "சரி மாப்ள, உடைங்க" என்றார்.

எந்த மாப்பிள்ளையை என்று அவர் சொல்லவில்லை. இரண்டு பேருமே உளியைத் தேடி ஓடினார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் எடுத்தார்.