கனடாப் பாம்பின் குட்டிகள்

எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டுக்குள் பாம்பு வந்ததற்குக் காரணம் யாழ்ப்பாணத்துச் சாத்திரியார். மேல் அறையில் எங்களோடு இருந்த சித்திக்கு மூன்று முறை கரு கலைந்திருந்தது. நாகதோஷம், வெள்ளிக்கிழமைகளில் நாகத்துக்குப் பால் வைக்கவேண்டும் என்று அவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். லண்டனில் நாகத்துக்கு எங்கே போவது? கூட வேலை செய்த ஒருவர் வளர்க்க முடியாமல் விட்ட கார்ட்டர் பாம்பைக் கண்ணாடித் தொட்டியோடு தூக்கிவந்தார் சித்தப்பா.

மனிதருக்குத் தீங்கு செய்யாத மெல்லிய பாம்பு. முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள் நெடுக்காக ஓடின. சொந்த ஊர் கனடா என்றதும் அம்மா முகத்தைச் சுளித்தார்.

"படமெடுக்காத பாம்புக்குப் பால் வைச்சு என்ன பிரியோசனம்?"

"எங்கட ஆக்கள் பாதிப்பேர் கனடாவிலதானே அக்கா. இதும் சொந்தம்தான்" என்றார் சித்தப்பா.

சொந்தம் பாலைத் திரும்பியும் பார்க்கவில்லை. நூலகப் புத்தகத்தைப் படித்துவிட்டு மண்புழு தோண்டிக் கொடுத்தது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. தூக்கினால் நாற்றநீரைப் பீச்சும். அந்தக் கையோடு சாப்பிட உட்கார்ந்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். சித்திக்கோ எல்லாம் நல்ல சகுனமாகவே பட்டது. அந்த வசந்தத்தில் அவளுக்கு நான்காவது முறை தங்கியது. பாம்பும் பருத்தது. என் புழுக்களின் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில், ஐந்தாம் மாதத்தில், அந்தக் கருவும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சித்தி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். வீட்டில் எவரும் உரத்துக் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை தொட்டிக்குள் பென்சில் பருமன்கூட இல்லாத குட்டிகள் நெளிந்தன. இந்த இனம் முட்டையிடாது, வயிற்றுக்குள் வைத்திருந்து உயிரோடு பெறும் என்று படித்திருந்தேன். சித்தியைச் சந்தோசப்படுத்த இதைவிட என்ன வேண்டும்? ஓடிப்போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"இருபத்திமூண்டு சித்தி. எல்லாம் உயிரோட."

சித்தி தொட்டியருகே குந்தினாள். "சோடி இல்லாமல் எப்பிடி?"

எப்போதோ சேர்ந்த ஆண் பாம்பின் உயிரணுக்களை உடம்புக்குள் பத்திரப்படுத்தி வைத்து, பிறகு பெற்றுக்கொள்ள அதனால் முடியும் என்று வாத்தியார்போல விளக்கினேன்.

"இனித் தாய் பாக்குமோ?"

"இல்லை சித்தி. பெத்ததோட சரி. திரும்பியும் பாக்காது."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று பின்னேரமே சித்தப்பா தொட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு சித்திக்குப் பிள்ளையே தங்கவில்லை. சாத்திரியாரும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசியதை இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றோ, என் பாம்பைப் பறித்துவிட்டாள் என்று நான் சித்தியோடு கதைப்பதையே விட்டேன். அவள் ஒவ்வொரு நாளும் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி என் கட்டிலடிக்கு வந்தாள். "சித்தியில கோவியாதையம்மா, சித்தி செய்தது பிழைதான்" என்று கெஞ்சினாள். ஒரு கிழமை கழித்துத்தான், பெரிய மனது வைத்து, அவளை மன்னித்தேன்.