மெக்கானிக் கை வைக்காத இடம்

போன வாரம் முழுக்க என் பொறுமையைத் தின்று தீர்த்தது ஒரு மஞ்சள் விளக்கு.

கார் டாஷ்போர்டில் சின்னதாக ஒரு என்ஜின் படம். அது எரிந்தால் வண்டி காய்ச்சல் வந்ததுபோல நடுங்கும். அணைந்தால் எண்ணெயில் வழுக்குவதுபோலப் போகும். எப்போது எரியும்? அதற்கே தெரியாது!

வண்டி ஓட்டுவது நானில்லை, என் மனைவி மல்லிகா. சாங்கி விமான நிலையத்தில் ஏர் கார்கோ வேலை. நாங்கள் குடியிருக்கும் பூன் லேயில் முதல் ரயில் கிளம்பும் முன்பே ஷிஃப்ட் தொடங்கிவிடும். தீவின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு, விடியாத எக்ஸ்பிரஸ்வேயில், லாரிகளுக்கு நடுவே போகவேண்டும். டீம் லீடர் பதவிக்கு அவள் பெயர் அடிபடுகிற நேரம் பார்த்து, இரண்டு தடவை வண்டி ரோட்டோரம் படுத்துவிட்டது. இன்னொரு தடவை லேட் என்றால் பதவியை மறந்துவிடு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"கவிதை எழுதுற ஆளுக்குப் பதிலா ஒரு மெக்கானிக்கைக் கட்டியிருக்கலாம்" என்றாள்.

அவள் இன்னும் செல்வத்தைப் பார்க்கவில்லை!

செல்வம் எங்கள் வட்டாரத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக். முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். பிறகு அதற்கு மின்சாரம் தரும் காயிலை. ஒவ்வொரு முறையும் வண்டி அவர் முன்னால் பரம சாதுவாக ஓடியது. வீடு வந்து இரண்டு நாளில்... மறுபடி நடுக்கம்.

கடைசியில்தான் ஸ்கேனரைச் செருகினார்.

"மூணாவது சிலிண்டர்ணே. இன்ஜெக்டர் சர்க்கியூட்ல ஃபால்ட்டுன்னு காட்டுது."

"இதை முதல்லயே செருகியிருக்கலாமே?"

"பழகின நோய்னு நெனச்சுட்டேண்ணே."

இன்ஜெக்டர் என்பது என்ஜினுக்குள் பெட்ரோலைத் தூறலாகத் தெளிக்கும் ஒரு சிறு மூக்கு. மின்சாரம் வந்தால் திறக்கும், நின்றால் மூடும் — கண்ணிமைப்பதைவிட வேகமாக. அந்த மூன்றாவது மூக்கைக் கழற்றி இரண்டாவது இடத்தில் மாட்டிப் பார்த்தார் செல்வம். ஃபால்ட் கூடவே போகவில்லை. மூன்றாவதிலேயே உட்கார்ந்திருந்தது. ஆக, மூக்கில் கோளாறு இல்லை. அதற்கு வரும் ஒயரில்தான்.

ஒயரின் முனையிலிருந்த சாக்கெட்டில் ஒரு குட்டி பல்பைச் செருகினார். மின்மினிபோல மினுக்கியது.

"கரண்ட் வருதுண்ணே!"

ஒயரை லேசாக ஆட்டினார். இருட்டு.

"வரலண்ணே."

மறுபடி ஆட்டினார். "வருது."

"வருதா வரலையா, ஒண்ணு சொல்லுங்க!"

"வந்து வந்து போகுது லா. நான் என்ன செய்ய?"

எரிச்சலில் நானே பானெட்டுக்குள் தலையை விட்டேன். அப்போதுதான் பார்த்தேன். அந்த சாக்கெட்டுக்கு நேர் மேலே, ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டிய ஒரு கறுத்த கயிறு. அதில் சுருங்கிப்போன எலுமிச்சைகள், மிளகாய்கள்.

வண்டி வாங்கியதும் சிராங்கூன் ரோடு கோயிலில் பூஜை போட்டு, திருஷ்டிக்கு இந்தக் கயிறும் வாங்கினோம். வெளியே தொங்கவிட்டால் பெயின்ட் கெட்டுவிடும் என்று மல்லிகா அதை உள்ளே கட்டியிருக்கிறாள். என்ஜின் சூட்டில் பழம் வெடித்து, சாறு சொட்டுச் சொட்டாக சாக்கெட்டுக்குள் இறங்கி, உள்ளே பின்களில் பச்சைக் களிம்பு.

"இது இங்க இருக்கிறதை நீங்க பார்க்கவே இல்லையா?"

"பார்த்தேனே! ஒவ்வொரு வாட்டியும் பத்திரமா ஓரம் நகத்திட்டு, வேலை முடிஞ்சதும் அதே எடத்துல வச்சுடுவேன்."

"ஏன் கழட்டல?"

"சாமி சமாச்சாரம்ணே. எங்க சீன மொதலாளியே, 'டோன்ட் டச் லா செல்வம், பிரேயர் திங்'னு சொல்லிட்டாரு."

அவர் பக்தியோடு நகர்த்தியபோதெல்லாம் சாக்கெட்டும் அசைந்து, பின்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வண்டி ஒர்க்‌ஷாப்பில் சாதுவாக ஓடிய ரகசியம் அதுதான். யாரைத் திட்டுவது? அவரையா, முதலாளியையா, என் மனைவியையா? எல்லோரும் மரியாதையாகத்தானே நடந்துகொண்டார்கள்!

வீட்டிலும் இதே கதைதான், இல்லையா? யாரோ என்றோ கட்டிவைத்த ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கும். நாமும் அதை நகர்த்தி, சுற்றிலும் துடைத்து, அதே இடத்தில் பயபக்தியோடு திரும்ப வைத்துவிட்டு... எங்கே கோளாறு என்று மாதக்கணக்கில் தேடுவோம்.

செல்வம் அப்போதும் கயிற்றைத் தொடவில்லை. மல்லிகாவைத்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. வந்தாள், பார்த்தாள், கண்ணை மூடி ஒரு கும்பிடு, கத்திரியால் ஒரு வெட்டு.

"அக்கா, சாமி கோவிச்சுக்காதா?"

"சாமி பொறுத்துக்கும் தம்பி. சூப்பர்வைசர் பொறுக்க மாட்டாரு. நீங்க சாக்கெட்டை மாத்துங்க."

மறுநாள் காலை சாங்கியிலிருந்து மெசேஜ் வந்தது: "வந்துட்டேன். வண்டி ஆடவே இல்ல. இன்னிக்கு சூப்பர்வைசர்தான் லேட்டு."

அவர் காரிலும் யாராவது பானெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.