பிரெஞ்சில் தொண்ணூற்றெட்டு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் ப்ளஸ் ஒன் சண்டை ஆரம்பித்துவிட்டது. தாம்பரத்தில் இது அதிசயமில்லை. எங்கள் அபார்ட்மெண்டில் பத்தாவது முடித்த பிள்ளை இருந்த வீடுகளிலெல்லாம் அந்தக் கோடையில் இதே கூச்சல்தான். பயோ மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா? அம்மா ஒரு தனியார் கிளினிக்கில் பில் போடும் வேலையில் இருந்தார். தினமும் டாக்டர்களைப் பார்த்துப் பார்த்து, மகளும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆசை. அப்பா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். எலக்ட்ரிக் ட்ரெயினில் கூட வருகிறவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்டு, தினம் ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுவருவார். தேங்காய் வாங்கி வரச் சொன்னால் மறந்துவிடுவார், கருத்து மட்டும் மறக்காது. எனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் காமர்ஸ் என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை, வீடு தப்பியது.

மூன்று வார இழுபறிக்குப் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஜெயித்தது. அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டு, சாப்பாடு ரெடி என்பதைக்கூட என் மூலமாகவே சொல்லி அனுப்பினார்.

நான் அதுவரை படித்தது சி.பி.எஸ்.இ. பள்ளியில், இரண்டாம் மொழி ஹிந்தி. இன்ஜினியரிங் சீட்டுக்கு ஸ்டேட் போர்டுதான் லாயக்கு என்று ட்ரெயின் நண்பர்கள் தீர்ப்புச் சொல்லியிருந்ததால், ப்ளஸ் ஒன்னுக்குக் குரோம்பேட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளிக்குப் போனோம். அட்மிஷன் மேஜையில் இருந்த மேடம் குரூப்பைக் குறித்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“லாங்க்வேஜ்? தமிழா, பிரெஞ்சா?”

“எது ஸ்கோரிங் மேடம்?” என்றார் அப்பா.

“பிரெஞ்சுதான் சார். ஏ பி சி டிலேர்ந்து ஆரம்பிப்பாங்க. தமிழ் மாதிரி மனப்பாடச் செய்யுள், நெடுவினா தொல்லையெல்லாம் பெருசா இருக்காது.”

“அப்போ பிரெஞ்சே போட்ருங்க.”

அவ்வளவுதான். குரூப்புக்கு மூன்று வாரம் சண்டை போட்ட குடும்பத்தில், மொழிக்கு ஒரு தும்மல் நேரம்கூடச் செலவாகவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். பஸ் போர்டு, சினிமா போஸ்டர், கடைப் பெயர் வரைக்கும் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் எதற்கு என்றுதான் அந்த வயதில் தோன்றியது. வீட்டில் பேசுவதே தமிழ்தானே!

பிரெஞ்சு வகுப்பு ஜாலியாகப் போயிற்று. என் பெயர் இன்னது, நான் சென்னையில் வசிக்கிறேன், எனக்குச் சீஸ் பிடிக்கும் என்று நாற்பது பேரும் கோரஸாகச் சொல்வோம். நான் சீஸைப் பார்த்ததே பீட்சாவின் மேல்தான். பாரிஸில் கடைக்குப் போய் ரொட்டி கேட்க எனக்குத் தெரியும். எங்கள் ரேஷன் கார்டில் என் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தார்கள், அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. ப்ளஸ் டூவில் பிரெஞ்சில் தொண்ணூற்றெட்டு வாங்கினேன். என் மார்க்கிலேயே அதுதான் உச்சம். லிஃப்டில் ஏறிய ஒருவரையும் அம்மா விடவில்லை, அந்தத் தொண்ணூற்றெட்டைச் சொல்லித்தான் இறக்கிவிட்டார்.

முதல் அடி அந்த மாதமே விழுந்தது. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்ய பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தோம். அங்கிருந்தவர் கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்குகளை மட்டும் கேட்டு கட்ஆஃப் கணக்குப் போட்டார். அப்பா திரையை எட்டிப் பார்த்தார்.

“பிரெஞ்சு மார்க் எங்க சார் சேருது?”

“அது எங்கயும் சேராது சார். லாங்க்வேஜ்ல பாஸானா போதும்.”

“பாஸானா போதுமா? தொண்ணூத்தெட்டு சார்!”

“முப்பத்தஞ்சு எடுத்திருந்தாலும் இதே கட்ஆஃப்தான் சார்.”

அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். எந்த மார்க்குக்காகத் தமிழை விட்டோமோ அந்த மார்க்கை யாரும் எடுத்துப் பார்க்கக்கூடப் போவதில்லை. இத்தனை பேரிடம் கருத்துக் கேட்ட மனிதர், இந்த ஒன்றை யாரிடமும் கேட்கவில்லை. ட்ரெயின் நண்பர்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாவம், அவர்களில் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இருந்தாலும் சீட் கிடைத்தது. அரியர் இல்லாமல் முடித்தேன். கடைசி வருடம் கேம்பஸில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. ஜாயினிங் தேதி பிறகு சொல்வோம் என்றார்கள். மழைக்காலம் போயிற்று, பொங்கல் போயிற்று, தேதி வரவில்லை. ஒரு நாள் வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் வந்தது, அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அதே சமயத்தில் அப்பாவின் கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பியது. வயதானவர்களைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று அவரே சொன்னார். அதன் பிறகு வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. இனி இந்த வீட்டுக்கு நிலையான சம்பளம் ஒன்று வருவதென்றால் அது என் கையால்தான் வர வேண்டும். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

“கவர்மெண்ட் எக்ஸாம் எழுதும்மா. உன் மூளைக்கு குரூப் ஃபோர் எல்லாம் ஜுஜுபி,” என்றார் அப்பா.

தாம்பரத்திலேயே ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். முதல் நாளே சார் போர்டில் தேர்வைப் பிரித்து எழுதினார். பாதிக் கேள்விகள் தமிழ், மீதி பொது அறிவும் கணக்கும். தமிழ்ப் பகுதியில் குறைந்தபட்ச மார்க் எடுக்காதவர்களுக்கு மறு பகுதி மதிப்பீடே செய்யப்படாது என்றார். எல்லோரும் சாதாரணமாக எழுதிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் பேனா ஓடவில்லை. பக்கத்தில் இருந்தவள் கீழ்க்கட்டளைப் பெண். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்கு அங்கே மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை. அவளிடம் மெதுவாக, எனக்குத் தமிழ் வராது என்று சொன்னேன்.

“இன்னாடி சொல்ற? தமிழ் வராதா? அப்ப இப்ப இன்னா பேசிகினு கீற, ஜப்பானா?”

“பேச வரும். படிக்கத்தான் லேட் ஆகும். ஸ்கூல்ல தமிழ் எடுக்கல.”

சிரித்துக்கொண்டே தன் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். நான் ஒரு பத்தியைப் படித்தேன். முதல் வரி முடிவதற்குள் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“அய்யய்யோ, மெய்யாலுமேவா! பேஜாராப் போச்சேடி உனக்கு.”

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அவள் கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், வாயில் நான் குறைந்தவள் இல்லை. அவள் பரிதாபப்பட்டாள். இருபத்திரண்டு வயதில், சொந்த ஊரில், சொந்த மொழியில் எழுத்துக் கூட்டுகிறவளாக உட்கார்ந்திருந்தேன். அவமானம் என்று மற்றவர்கள் சொல்வது இதைத்தான் என்று அன்று தெரிந்தது.

ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் அபார்ட்மெண்டில் ஆறாவது படிக்கிற ஒரு வாண்டு, லிஃப்டில் என் கையைப் பார்த்துவிட்டு, “அக்கா, எங்க மிஸ்ஸும் இதேதான் வச்சிருக்காங்க,” என்றது. சிரித்து வைத்தேன். படித்துக் கிழித்தேன் என்று சொல்லலாம், ஆனால் கிழிந்தது நான்தான். குறளை மனப்பாடம் செய்தால் உரை புரியாது, உரையைப் படித்து முடித்தால் குறள் மறந்திருக்கும். தேர்வு அறையில் பொது அறிவுக் கேள்விகளை ஆங்கிலத்தில் படித்து மளமளவென்று முடித்தேன். கணக்கில் ஒன்றுகூடத் தப்பில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். தமிழ்ப் பகுதியில் கேள்வியைப் படித்து முடிப்பதற்கே மூச்சு வாங்கியது. கடைசிக் கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தைக் கருப்பாக்கினேன்.

ரிசல்ட் வந்த மதியம் அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். முந்தின மாதத்தோடு அவர் வேலையும் முடிந்திருந்தது. மொபைலில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தமிழில் குறைந்தபட்சத்துக்கும் கீழே. மறு பகுதிக்கு நேரே ஒன்றுமில்லை. குறைந்த மார்க் என்றாலாவது பரவாயில்லை, மார்க்கே இல்லை. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பார்களே, அதுதான். மொபைலைச் சோபாவில் போட்டேன்.

அடுத்த தடவை தேறினேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பது யார் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மதியத்தைத்தான்.

அம்மா புரியாமல் கேட்டார். “தமிழ்ல எப்படிடி ஃபெயிலாவ? நாம பேசறது தமிழ்தானே?”

அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் அந்தக் கேள்வியில் உடைந்தது. “யாரு பிரெஞ்சு போடச் சொன்னது? ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தன்கிட்டயும் போய்க் கேட்டீங்களே! இவ தமிழ் படிக்காம இந்த ஊர்ல எப்படிப் பொழைப்பான்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா ரெண்டு பேரும்?” என்று கத்தினேன். கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்பா திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் வீட்டு வழக்கம் அதுதான். அவர் கத்தவில்லை. பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“நீ இந்த ஊர்ல இருப்பேன்னு நாங்க நெனைக்கவே இல்லம்மா.”

எனக்கு விளங்கவில்லை. “அப்படின்னா?”

“நல்லாப் படிக்கிற பொண்ணு. எப்படியும் வெளிநாடு போயிடுவேன்னு நெனைச்சோம். போறவளுக்குத் தமிழ் எதுக்குன்னுதான்…”

ஸ்கோரிங், கட்ஆஃப், ட்ரெயின் கருத்து எல்லாவற்றுக்கும் அடியில் இது இருந்திருக்கிறது. ஒரு நாள்கூட இவர்கள் என்னிடம் வெளிநாடு என்று வாய் திறந்ததில்லை. எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோதே, என்னை அனுப்பிவிட்டதாக மனதுக்குள் முடித்துவிட்டார்கள்.

“சரி, நான் போயிட்டா? உங்க ரெண்டு பேரையும் யாரு பாத்துப்பாங்கன்னு நெனைச்சீங்க?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. அவர்கள் யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். குரூப்புக்கு அடித்துக்கொண்ட அந்த இரண்டு பேரும், வயதான காலத்தில் தனியாகக் கிடக்க மட்டும் சண்டையே இல்லாமல் சம்மதித்திருக்கிறார்கள்.

கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

“நான் எங்கயும் போகலப்பா. இங்கதான் இருக்கப் போறேன்,” என்றேன்.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

“இருக்கிறதுன்னா அப்ப ஒழுங்காத் தமிழ் படி.”