இறால் கம்பெனியின் கடைசி வாரம்

காஞ்சிபுரம் பக்கத்து ஓரிக்கையில் களை பறித்துக்கொண்டிருந்த எங்கள் ஆறு பேரையும் மெட்ராஸ் இறால் கம்பெனிக்குக் கூட்டிப்போனவர், அங்கே மேஸ்திரியாக இருந்த எங்கள் தெருக்காரர். அறுபதுகளின் கடைசி அது. மூன்று வருடம் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரித்தோம். விரலிடுக்கெல்லாம் புண். ஆனாலும் யார் வரப்பிலும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை.

கடைசி வாரம் பெரிய ஆர்டர் என்று சொல்லி, மேஸ்திரி எங்களைச் சோறு தின்னக்கூட விடாமல் உரிக்க வைத்தார். எங்களில் ஒருத்திக்குக் காஞ்சிபுரத்துத் தையல் கடையில் வேலை வந்திருந்தது. "இனிமேதாம்மா நல்ல காலம், எங்க போற?" என்று அவளையும் நிறுத்திவைத்தார். சனிக்கிழமையன்று, மெஷின் ரிப்பேர், கடிதம் போடுகிறேன் என்று எங்களை பஸ் ஏற்றிவிட்டார்.

கடிதம் வரவில்லை. ஒரு மாதம் பொறுத்து நான் போய்ப் பார்த்தேன். கேட்டில் பூட்டு. கம்பெனியை மூடப்போவது மேஸ்திரிக்கு முன்பே தெரியும் என்றும், முதலாளியின் கொச்சிக் கம்பெனியில் அவர் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றும் வாட்ச்மேன் சொன்னார்.

அதற்குள் தையல் கடையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டாள். நான் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூல் சுற்றும் கொட்டகையில் வேலை கேட்டேன். முதலாளியம்மா என் கையை முகர்ந்து பார்த்தார். நூலில் மீன் வாடை ஏறிவிடுமாம். இரண்டு வாரம் பெருக்க மட்டும் விட்டார். தினமும் காலையில் கையை நீட்டச் சொல்வார். இறாலைத் தொட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. இருந்தாலும் நீட்டினேன். ஒவ்வொரு முறையும் மேஸ்திரி நாசமாகப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து, மகளின் கல்யாணப் பத்திரிகையோடு மேஸ்திரி என் வீட்டுக்கு வந்தார்.

"பழச மனசுல வெச்சிக்கினு இருக்காதேமா. முன்னாடியே சொல்லியிருந்தா நீங்கல்லாம் வேலய வுட்டுட்டுப் போயிருப்பீங்க. ஆர்டர் என்னா ஆவறது?"

"போயிருப்போம். அதுக்குத்தான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

வாசலிலேயே பத்திரிகையை வைத்துவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்காதே, மங்கல காரியம் என்று அம்மா கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய், உறவுக்காரர்கள் பார்க்க, அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தம்மாவின் முகம் சுருங்கிப்போனது. நான் இரக்கப்படவில்லை.

மற்ற ஐந்து பேரும் கல்யாணத்துக்குப் போனார்கள். தையல் வேலையை இழந்தவளும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாளாம். அதன்பிறகு அவளோடும் நான் பேசவில்லை.