கீழுதட்டில் ஒரு சொட்டு

எதுவாக இருந்தாலும் கீழுதட்டில் வைத்துப் பார்த்தால்தான் கிரிதருக்கு நம்பிக்கை வரும். காப்பியோ, ரசமோ, மகள் சஹானாவுக்குக் காய்ச்சல் கண்டபோது ஆற்றிய வெந்நீரோ, ஒரு சொட்டைக் கீழுதட்டில் தொட்டு, கண்ணை ஒரு கணம் மூடித் திறந்த பிறகே அடுத்த வேலை. கல்யாணமான புதிதில் வசந்தி இதைத் தவறாக எடுத்துக்கொண்டாள். தன் சமையலைச் சோதிக்கிறார் என்று நினைத்துச் சில நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. பிறகு ஒருநாள் பால்கனியில் அவர் செருப்புப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள். மாவைக் கரைத்து, ஓரத்தை மடக்கிய தேக்கரண்டியில் எடுத்து, உதட்டில் ஒரு சொட்டு தொட்டுப் பார்த்துவிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். வழக்கம் அங்கிருந்துதான் காப்பிக்கும் ரசத்துக்கும் பரவியிருந்தது.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வதைக் கொல்கத்தாவில் பத்ரி என்பார்கள். அவர்கள் குடியிருந்த டாலிகஞ்சில் இரண்டு பால்கனிக்கு ஒன்றிலாவது பத்ரிக் கூண்டு தொங்கும். தாய்ப்பறவை சில சமயம் காரணமே இல்லாமல் குஞ்சுகளை வெளியே தள்ளிவிடும், இல்லையென்றால் இறகைப் பிடுங்கிப் போடும். விருதுநகரிலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்து, அலிப்பூர் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்புப் பார்க்கும் கிரிதரிடம் அப்படித்தான் மாடிவீட்டார் முதல் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தமிழ்க்காரர் பொறுமைசாலி, பிழைக்க வைத்துவிடுவார் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். பாதி பிழைத்தன. அந்தச் செய்தி போதுமாக இருந்தது. அதன்பிறகு தெருவில் எந்தக் கூண்டில் குஞ்சு கீழே விழுந்தாலும் பெட்டி அவர் வீட்டு வாசலுக்கே வந்தது.

குஞ்சின் கழுத்தடியில் இருக்கும் இரைப்பை, வெங்காயச் சருகு போல மெல்லியது. மாவில் சூடு கூடினால் வெந்துவிடும். ஆறிப்போனால் உள்ளேயே தங்கிப் புளித்து, குஞ்சு சுருண்டுவிடும். சஹானா கைச்செலவுக் காசில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தாள். அவர் அதையும் மரியாதையாக மாவில் முக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு உதட்டிலும் தொட்டுக்கொள்வார்.

வளர்ப்பதைவிட வீடு தேடுவதுதான் பெரிய வேலை. குஞ்சு தானாகத் தினை கொறிக்கத் தொடங்கியதும், கேட்டவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவாக்கில் சொல்லாமல் போய் நிற்பார். கொல்கத்தாவில் அது கடுகெண்ணெயைப் புகைய விட்டு மீனைப் போடும் நேரம். அந்தப் புகையைப் பத்ரியின் நெஞ்சு தாங்காது என்பது அவர் கட்சி. சோபாவில் உட்கார்ந்து நல்ல வார்த்தை பேசிக்கொண்டே இருப்பார். தனக்குக் கண் கலங்கினாலோ தும்மல் வந்தாலோ தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். அந்த வீட்டுக்குக் குஞ்சு கிடையாது. ஒருமுறை அலிப்பூரில் தோட்டம் வைத்த பெரிய பங்களாவையே ஒதுக்கிவிட்டு வந்தார்.

"வீடும் பெருசு, பொகையும் பெருசு" என்றார்.

"நாளைக்கு சஹானாவுக்கு மாப்பிள்ளை பாக்கயில இப்படிப் போய்த் தும்மிப் பாப்பீங்களா?" என்று கேட்டாள் வசந்தி.

"அவளுக்கு வாய் இருக்கு. ஒத்து வரலைன்னா கெளம்பி வந்துருவா."

இப்படிச் சலித்துச் சலித்து, பறவைகளை இரண்டிரண்டாகக் கொடுத்துவந்தார். ஒற்றையாக வளர்ப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. பெட்டியில் ஒரு குஞ்சுதான் மிஞ்சியது என்றால், வேறு கூண்டுக்காரரிடம் கெஞ்சி இன்னொன்று வாங்கிவந்து கூட விடுவார். தனியாக வளர்ந்தது தன்னைப் பறவை என்றே நினைக்காது என்பார்.

அந்த ஒழுங்கு குலைந்தது நாக்பூருக்கு மாற்றல் வந்த வருஷம். துர்கா பூஜைக்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவு. சஹானாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் பரீட்சை முடியும்வரை குவார்ட்டர்ஸில் அவளும் வசந்தியும் இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அந்த அமளியில்தான் மாடிவீட்டுக் குஞ்சு ஒன்று மட்டும் மிஞ்சி வந்தது. தொண்டையில் கருநீலமாக ஒரு புள்ளி பெரிதாக இருந்ததால் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள் சஹானா. கிரிதருக்குத் துணைக்குஞ்சு தேட நேரமில்லை. அலமாரியை ஒழிக்கும்போதும் பெட்டி கட்டும்போதும் பொட்டு அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. இறகு வந்ததும் தோளுக்கு ஏறியது. தோளிலிருந்து முகத்துக்கு வந்து, அவருடைய கீழுதட்டை மெல்லக் கொறித்துக் கொறித்துப் பார்க்கும். மாவு வரும் வழி அதுதான் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

"எனக்குக் கூட இவ்வளவு உரிமை கிடையாது" என்றாள் வசந்தி. அவர் சிரித்தாரே தவிர, அந்தச் சிரிப்பு முழுசாக இல்லை. பையில் இருப்பது ஒற்றைக் குஞ்சு என்பது அவருக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

பொட்டுவுக்குக் கிடைத்த வீடு ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் இருந்தது. தீப்தி தத்தா, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அரசுக் குடியிருப்பில் தனியாக இருந்தார். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் தீதி, அதாவது அக்கா. இதயக் கோளாறு வந்ததிலிருந்து வேகவைத்ததை மட்டுமே சாப்பிடுவார். இந்த ஊரிலேயே கடுகெண்ணெய் இல்லாத ஒரு சமையலறையைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கிரிதர் வீட்டுக்கு வந்து பெருமையடித்துக்கொண்டார். ரயிலேறுவதற்கு முந்தைய நாள் பொட்டுவைக் கொண்டுபோய் விட்டார்.

அவர் போய் இரண்டு நாள்கூட ஆகவில்லை, தீப்தி தீதியிடமிருந்து போன் வந்தது. பறவை தினையைத் தொடவில்லை. இறகைப் புடைத்துக்கொண்டு கூண்டின் தரையில் மூலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வைத்தியர் நாய் பூனை தவிர வேறெதையும் பார்ப்பதில்லையாம். வசந்தி உடனே நாக்பூருக்குப் பேசினாள். 

"தப்பு என்னோடது வசந்தி. ஒத்தையா வளத்துட்டேன். அதுக்குத் தாயும் நாந்தான், ஜோடியும் நாந்தான். நீ போய் மாவு குடு. இன்னைக்கு உள்ள போகலைன்னா தாங்காது."

"எனக்கு ஊட்டத் தெரியாதுங்க."

"இத்தன வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருந்த."

பார்த்ததெல்லாம் கேலி செய்வதற்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதை விட்டுவிட்டுப் பையில் எடுத்து வைத்தாள்: மாவு டப்பா, மடக்கிய கரண்டி, பிளாஸ்கில் வெந்நீர். மெட்ரோ மாறிப் பஸ் பிடித்தால், பூஜைப் பந்தல் போட மூங்கில் நட்டிருந்த தெருவெல்லாம் பஸ் நின்று நின்று போனது. மடியில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வசந்தி நினைத்துக்கொண்டாள். கையளவு கூட இல்லாத உயிர். அது போய்விட்டால் அவருக்கு அடுத்த பெட்டியைத் திறக்கக் கை வராது.

தீதி வாசலிலேயே நின்றிருந்தார். வசந்தி கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து மாவைக் கரைத்துக் கரண்டியை நீட்டினாள். பொட்டு கண்ணை மூடிக்கொண்டது. அலகோரம் கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டது. வா சாமி, வா தங்கம் என்று அவர் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டும் பார்த்தாள். மாவு ஆறிப்போனதுதான் மிச்சம். அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் கரைத்தாள். தெர்மாமீட்டரை எடுத்துவர மறந்தது அப்போதுதான் உறைத்தது. சூடு அதிகமோ என்று பயமாக இருந்தது. யோசிக்காமலே கரண்டியைக் கீழுதட்டில் வைத்து, கண்ணை மூடித் திறந்தாள்.

திறந்தபோது பொட்டு தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

புடைத்திருந்த இறகு உடம்போடு ஒட்டியது. பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர்ந்து கூண்டுக் கதவுக்கு வந்தது. அவள் கைமேல் ஏறி, ரவிக்கை வழியாகத் தோளுக்குப் போய், அவள் கீழுதட்டை ஒருமுறை கொறித்துப் பார்த்தது. அதன்பிறகு கரண்டியில் அலகை வைத்துத் தலையை ஆட்டி ஆட்டிக் குடித்தது. வசந்தி அசையவே இல்லை. இரைப்பை மெல்லப் புடைத்து வருவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

அன்று சாயங்காலம் தீதி போனை வாங்கிக் கிரிதரைப் பிடிபிடியென்று பிடித்தார். இந்தியும் வங்காளமும் கலந்த அந்தப் பேச்சின் சாரம் இதுதான்: "கிரிதர் பாபு, பறவையைக் கொடுத்தீங்க. அதோட ஆளைக் கொடுக்காம போயிட்டீங்களே."

அந்தப் பக்கம் அவர் சொன்னது வசந்திக்கும் கேட்டது. ஒரு துணை கொண்டுவந்து தருகிறேன் என்றார். கூடப் பிறந்தவற்றோடு வளர்ந்த குஞ்சாக, தன் கையால் ஊட்டி வளர்த்து, தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். பறவையென்றால் என்னவென்று அது வந்து பொட்டுவுக்குச் சொல்லிக்கொடுக்கும் என்றார். தீதி சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, மறுநாளே கூண்டில் இரண்டாவதாக ஒரு ஊஞ்சலைக் கட்டினார்.

வசந்தி கொஞ்ச நாள் தினமும் போய்வந்தாள். பிறகு தீதியே ஊட்டக் கற்றுக்கொண்டார். இப்போது பொட்டு தினைக் கதிரையே கொறிக்கிறது. ஆனால் தீதி முதலில் கதிரைத் தன் கீழுதட்டில் தொட்டுக் காட்ட வேண்டும். அறுபது வயதுக்கு மேல் தனக்கு இந்த நாடகமெல்லாம் தேவையா என்று அவர் அலுத்துக்கொள்வார். ஒருவேளைகூடத் தவறியதில்லை.

கிரிதர் பொங்கல் விடுமுறைக்கு வந்தார். வந்த அன்றே தெருத்தெருவாகப் பால்கனிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுற்றினார். ஊட்டும் பருவத்தில் எங்கேயும் குஞ்சு இல்லை. கிடைத்திருந்தாலும் நாலு நாள் விடுமுறையில் வளர்த்துவிட முடியாது. கொண்டுபோய் வளர்க்கலாமென்றால், நாக்பூரில் அவர் இருப்பதோ இன்னொரு அதிகாரியோடு பங்குபோட்ட அறை, தலைக்குமேல் எந்நேரமும் பறக்கிற குஞ்சை அடித்துவிடக்கூடிய விசிறி. சால்ட் லேக்குக்குப் போனவர் ஊஞ்சலைப் பார்த்துவிட்டு, பொட்டுவைத் தோளில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

காலிஃப் தெரு ஞாயிற்றுப் பறவைச் சந்தையில் ஒன்று வாங்கி வருகிறேன் என்று தீதியின் தம்பி மகன் சொல்லிப் பார்த்தான். தீதி ஒத்துக்கொள்ளவில்லை. கிரிதர் பாபு தருகிறேன் என்று சொன்னது கடைப்பறவை இல்லை என்றார்.

சஹானாவுக்குப் பரீட்சை தொடங்கிவிட்டது. முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை வசந்தி சால்ட் லேக் போனபோது, தீதி தேநீரை நீட்டிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார். "என்ன வசந்தி, எங்க பொட்டுவுக்கு ஆள் வந்தாச்சா?"

"அவர் சொன்னா செய்வார் தீதி" என்றாள் வசந்தி. தேநீரைக் கீழுதட்டில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. கூண்டில் பொட்டு தன் ஊஞ்சலிலிருந்து எட்டி, பக்கத்து ஊஞ்சலை அலகால் தள்ளியது. அது காலியாகப் போய் காலியாகத் திரும்பி வந்தது. பொட்டு மறுபடியும் தள்ளியது.