மாடி வீட்டுக் கடிகாரம்

கடிகாரம் பழுதுபார்த்தே கீழும் மேலுமாக ஒரு வீட்டைக் கட்டியவர் அவர். மாடியை ஒரு நர்ஸுக்கு வாடகைக்கு விட்டார். மாற்றுச் சாவியை மட்டும் விடவில்லை. அவள் வேலைக்குப் போனதும் குழாய் ஒழுகுகிறதா, ஜன்னல் திறந்து கிடக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவருவார். நான் கட்டின வீட்டுக்குள் போக எனக்கு எதற்கு அனுமதி என்பது அவர் கட்சி. எந்தப் பொருளையும் தொடமாட்டார். அதில் கொஞ்சம் பெருமை வேறு.

ஒருநாள் அவளுடைய சுவர்க் கடிகாரம் நேரத்துக்கு முந்தி ஓடுவதைப் பார்த்துவிட்டார். கை சும்மா இருக்குமா? முள்ளைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டு, புண்ணியம் செய்தவர்போல் இறங்கிவந்தார்.

மறுநாள் மாலை அவள் வந்து கதவைத் தட்டினாள். கண் சிவந்திருந்தது.

"பஸ்ஸைப் பிடிக்கணும்னு நான்தான் முந்தி வச்சிருந்தேன் ஐயா. இன்னைக்கு பஸ் போயிடுச்சு. எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினேன்."

"நல்லதுன்னு நினைச்சுதாம்மா..."

"திட்டு கிடக்கட்டும். உள்ள என் துணி காயுது, என் படுக்கை இருக்குது. நீங்க எத்தனை தடவை வந்து போனீங்களோன்னு நினைச்சா உடம்பு கூசுது."

 அவர் மாற்றுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அடுத்த மாதம் குழாய் ஒழுகுகிறது என்று அவளே கூப்பிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் வாசலில் நின்று மணியடித்தார். "உள்ள வாங்க ஐயா" என்ற பிறகே காலெடுத்து வைத்தார். கடிகாரம் மறுபடியும் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. விரல் துறுதுறுத்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"குழாய் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார், தானே நின்று பதித்த குழாயைப் பற்றி.